மறந்து வைத்த மீன்

உணவு தானாகக் கெட்டுப்போகும் என்றொரு நம்பிக்கை மக்களிடையே பரவலாக இருக்கிறது. படித்தவர்கள்கூட இதைச் சொல்கிறார்கள் என்பது வருந்தத்தக்கது. வெயில், ஈரம், கிருமி என்று காரணங்களும் அடுக்குகிறார்கள். உணவு அப்படிப் பொறுப்பில்லாமல் நடந்துகொள்வதில்லை. உரிய அதிகாரி வந்து பார்த்து, கெட்டது என்று அறிவிக்கும்வரை அது காத்திருக்கிறது. அதற்குள் நாற்றம் அடிக்கலாம், நுரை தள்ளலாம், மேலே பச்சையாகப் பூஞ்சை படரலாம். சட்டப்படி அது நல்ல உணவு.

இதை நிலைநாட்டத்தான் உணவு நிலை நிர்ணயத் துறை ஏற்படுத்தப்பட்டது. வீடுகளில் ஆளாளுக்கு மோந்து பார்த்து உணவைக் கொட்டிவிடுவதாகப் புகார்கள் வந்திருந்தன. மூக்கு என்பது தனிநபர் உறுப்பு, அதற்குப் பொது அதிகாரம் கிடையாது என்று துறை தெளிவுபடுத்தியது. துறையின் முத்திரை இல்லாத எந்த உணவையும் குப்பை வண்டியில் ஏற்றக்கூடாது என்றும் உத்தரவு போட்டது.

அந்த ஊரில் ஒரு தையல்காரி இருந்தாள். அவளுடைய தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி, மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இவள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. கொஞ்ச நாளைக்குத் தெளிந்த சூப்பைத் தவிர எதுவும் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தையல்காரி கோழி எலும்பைப் பொறுமையாகக் கொதிக்கவைத்து, வடிகட்டி, டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் உறையவைத்தாள். அந்த மும்முரத்தில், சமைத்த மீனைச் சமையல் மேடையிலேயே மறந்துவிட்டாள். நினைவு வந்தபோது பாத்திரத்தின் பக்கத்தில் போக முடியவில்லை. நாற்றம் வீடெங்கும் பரவாமலிருக்க, இறுக மூடி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு, நல்ல குடிமக்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவற்றைச் செய்தாள். துறைக்குப் போன் செய்தாள்.

பரிசோதகர் வந்தார். மூடியைத் திறந்தார். இரண்டடி பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கெட்டுப்போச்சுல்ல சார்?”

“அதை நான் எப்படிம்மா சொல்றது? என்னோடதும் தனிநபர் மூக்குதானே. ஆபீஸ்ல ஒரு மெஷின் இருக்கு, அது மோந்து சொல்லணும். மெஷின் ரிப்பேர்.”

“எப்ப சரியாகும்?”

“மெக்கானிக் வந்து பார்த்தார். மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லையாம்.”

மெஷின் சரியாகும்வரை பொருள் இருந்த இடத்தில், இருந்த நிலையிலேயே இருக்க வேண்டும். எனவே ஃப்ரிட்ஜுக்குச் சீல் வைத்தார். குளிர்ச்சி உணவின் இயல்பான போக்கில் குறுக்கிடும் என்பதால் பிளக்கைப் பிடுங்கினார். மீன் சமைக்கப்பட்ட இடம் என்ற முறையில் அடுப்புக்கும் ஒரு சீல்.

தையல்காரி ஃப்ரிட்ஜுக்குக் குறுக்கே வந்து நின்றாள். “சார், மேல சூப்பு இருக்கு சார்! என் தங்கச்சி நாளைக்கு வர்றா, அவளுக்கு அதை விட்டா வேற ஆகாரமே கிடையாது. கரண்ட் இல்லாம எல்லாம் வீணாப் போயிடும்!”

“போகாதும்மா. நாங்க சொன்னாத்தானே போகும்.”

“சூப்பை மட்டும் எடுத்துக்கறேனே.”

“சீல் வெச்ச ஃப்ரிட்ஜ்லேருந்தா?”

“அப்போ புதுசா வெச்சிக்கறேன்.”

“சீல் வெச்ச அடுப்புலயா?”

பஸ் ஓட்டும் கணவன் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டான். “சத்தமில்லாம சாக்கடையில ஊத்திட்டு வந்திருப்பேன். போன் பண்ணாளாம், போன்!”

“இது என் காதுல விழலை,” என்றார் பரிசோதகர்.

அப்போது மாடி வீட்டுப் பெண் மோப்பம் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தாள். காலத்தோடு ஒட்டி வாழ்பவள். வீடியோக்களைப் பார்த்து, காயோ கிழங்கோ கையில் கிடைத்ததை உப்புத் தண்ணீரில் போட்டு நுரைக்கவிடுவாள். உப்பு அளவாக இருந்தால் அது நல்ல முறைதான். அளவு சொல்லும் வீடியோவை மட்டும் அவள் இன்னும் பார்க்கவில்லை. ஜாடிகள் கட்டிலுக்கு அடியிலிருந்து கட்டிலுக்கு மேல் ஏறியதிலிருந்து அவள் கணவன் தன் அம்மா வீட்டில் படுக்கிறான்.

“அக்கா, நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! என்ன மணம்!”

பரிசோதகர் நிமிர்ந்தார். “எங்க டைரக்டர் மேடமும் இதேதான் பண்றாங்க. அதனால புதுசா சுற்றறிக்கையே வந்திருக்கு. மறந்து வெச்சதுதான் எங்க கேஸு. வேணும்னே வெச்சா அது பக்குவம், எங்க வரம்புக்குள்ள வராது.” தையல்காரி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. மறந்து வெச்சீங்களா, வேணும்னு வெச்சீங்களா?”

ஃப்ரிட்ஜ் கதவின் அடியிலிருந்து ஒரு நீர்க்கோடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

“வேணும்னுதான் சார் வெச்சேன்.”

சீல்கள் கிழிந்தன. பிளக் ஏறியது. சூப்பு ஓரத்தில் மட்டும்தான் இளகியிருந்தது.

பரிசோதகர் பாத்திரத்தை மறுபடி மோந்தார். இந்த முறை பின்னால் போகவில்லை. “அடடா. அடிநாக்குல ஒரு இது வருதே.”

“புளிப்புக்கு அடியில லேசா மண் வாசனை தெரியுதா சார்?” என்றாள் மாடி வீட்டுப் பெண்.

“தெரியுது, தெரியுது. ஏம்மா, மேடத்துக்கு ஒரு டப்பா கொடுங்களேன். ஸ்டாஃபுக்கும் சேர்த்து.”

அவருக்கு ஒரு பெரிய டப்பா போனது. மாடிக்கு ஒரு கிண்ணம் ஏறியது.

“மிச்சத்தைக் கொட்டிடவா?” என்றான் கணவன்.

“இருங்க.” தையல்காரி குனிந்து மோந்தாள். அதே நாற்றம்தான். ஆனால் இப்போது அதற்கு ஒரு மரியாதை வந்திருந்தது. “இத்தனை பேர் சொல்றாங்க. நமக்குத்தான் தெரியலையோ என்னவோ. ஒரு வாய் போட்டுப் பாருங்களேன்.”

“நீ மொதல்ல போடு.”

இருவரும் சேர்ந்தே போட்டார்கள்.

மறுநாள் துறையின் அலுவலகம் திறக்கவில்லை.

தங்கை வந்து மணியடித்தபோது, கதவைத் திறக்க ஆள் எழுந்து வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் பையை இறக்கிவைத்தாள். ஒரு கையால் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஃப்ரீசரிலிருந்த டப்பாக்களை எடுத்து எல்லாவற்றையும் சூடாக்கினாள். அக்காவுக்கும் மாமாவுக்கும் டம்ளர் டம்ளராகக் கொடுத்தாள். மாடிக்கும் ஒரு சொம்பு கொண்டுபோனாள். பாத்திரத்தின் அடியில் அவளுக்கு அரை டம்ளர் மிஞ்சியது.