வாழ்வு தந்த வால்வு

திண்டுக்கல்லில் குடியிருந்துகொண்டு ஆறு மாதமாகப் பிரியாணியைக் கண்ணால் பார்க்காத ஒரே ஆள் நான்தான். பெயர் ராயப்பராஜ். பள்ளிக்கூட வாத்தியார். 'கொஞ்சம் சர்க்கரை இருக்கு' என்றார் டாக்டர். என் மனைவி சகாயராணி அதை சுப்ரீம் கோர்ட் தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள். காலையில் வரகு உப்புமா. மதியம் வரகுச் சோறு. ராத்திரி, மதியம் மிஞ்சிய வரகு.

ஆகவே ஒரு பெரிய முடிவெடுத்தேன். கேஸ் சிலிண்டரைச் சமையலறையிலிருந்து கிளப்பி, வீட்டுக்குப் பின்னால் இரும்புக் கூண்டில் வைத்து, சுவரைத் துளைத்துக் குழாய் இழுப்பது.

"எதுக்குங்க?"

"பாதுகாப்புக்குத்தான். உள்ள இருந்தா எனக்குத் தூக்கமே வரல."

"மத்தியானம் ரெண்டு மணி நேரம் கொறட்டை விட்டது யாரு?"

"அது பயத்துல வந்த சத்தம்."

கேஸ் ஃபிட்டர் ஈஸ்வரன் வந்து ஒரே நாளில் மாட்டிக் கொடுத்துவிட்டார். கூண்டுக்குள் இருக்கும் மெயின் வால்வு இப்போது என் வசம். அதைத் திருகினால் அடுப்பு அணையும். அடுப்பு அணைந்தால் வரகு வேகாது. வரகு வேகாவிட்டால் பார்சல். வால்வு கையில் இருந்தால் வாழ்வு கையில்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் அவள் உலை வைத்தாள். நான் பின்னால் போய் வால்வை மூடினேன்.

"என்னங்க, அடுப்பு அணைஞ்சிருச்சு."

கூண்டை நாலு தட்டுத் தட்டினேன். "குழாயில காத்து அடைச்சிருக்கு. தானா சரியாக சாயங்காலம் ஆகும்."

"அம்புட்டு நேரமா? சோத்துக்கு என்ன பண்றது?"

"வேற வழி? பிரியாணிதான் வாங்கிட்டு வாரேன்." இதை மிக வருத்தமாகச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது தெருவில் இருந்தேன்.

சாயங்காலம், "அடுப்ப ஆஃப் பண்ணிட்டியா?" என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டு வால்வைத் திறந்தேன். கேஸ் விஷயத்தில் விளையாடக் கூடாது. அடுத்த ஞாயிறும் காற்று அடைத்தது. அடுத்த ஞாயிறும் பிரியாணி.

மூன்றாம் ஞாயிறு வால்வை மூடிவிட்டு, உள்ளே போய்ச் சட்டை மாற்றிச் செருப்பை மாட்டினேன்.

"செருப்பக் கழட்டுங்க. நீங்க எதுக்கு வெயில்ல அலையணும்?" என்று ஒரு தட்டை வைத்தாள். முளைகட்டின பயறு, வெள்ளரிக்காய், கேரட். "அடுப்பே வேணாத சாப்பாடு. காந்திகிராமத்துல இருக்குற எங்க அக்கா சொல்லிக் குடுத்துச்சு."

"உனக்கு?"

"பக்கத்து வீட்டு கமர்ஜஹான் அக்கா பிரியாணி போடுறாங்க. அடுப்பு எரியலன்னேன். 'அப்ப இங்க வந்து சாப்புடு'ன்னாங்க."

"என்னைக் கூப்பிடலையா?"

"கூப்பிட்டாங்க. சர்க்கரைன்னு சொல்லிட்டேன்."

"இரு, காத்து போயிருச்சான்னு பாக்குறேன்." ஓடினேன். கூண்டில் பூட்டுத் தொங்கியது. சாவி அவள் இடுப்பில்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"தானா போற காத்து எப்பப் போகும்னு யாருக்குங்க தெரியும்? ரெண்டு வாரமும் அது போறதுக்கு அஞ்சு நிமிசம் முன்னாடி, 'அடுப்ப ஆஃப் பண்ணிட்டியா'ன்னு கரெக்டா கேட்டீங்களே."

பயறை மென்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம் தம் உடைத்த பிரியாணி மணம் என் தட்டுவரை வந்து போனது.

அடுத்த ஞாயிறு நான் பின்பக்கமே போகவில்லை. நல்ல பிள்ளையாக வரகுக்குக் காத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்குச் சகாயராணியே சாவியோடு போய் வால்வை மூடினாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

"கமர்ஜஹான் அக்கா வாராவாரம் வரச் சொல்லிட்டாங்க. இன்னைக்கு மட்டனாம். வர நேரமாகும், வீட்டப் பாத்துக்கங்க."