கண்ணை மூடிக்கொண்டு லிஃப்டில் போகும் பெண்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசிகளுடன் எழுதுவது. நான் நலம். உன் ரத்த அழுத்தமும் நலமென நம்புகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

உன் லிஃப்ட் கம்பெனியில் என் மகளைச் சேர்த்தாயே, அவளைத் திங்கட்கிழமையே பழுது பார்க்கும் வேலையிலிருந்து டிசைன் பிரிவுக்கு மாற்றிவிடு. மாட்டேன் என்பாள், காதில் வாங்காதே. மூன்று வயதிலேயே சுவர்க்கடிகாரத்தைக் கழற்றியவள் அவள். திரும்பப் பூட்டியது கடைக்காரர் என்பது வேறு விஷயம். பிறவி இன்ஜினியர் கையில் கிரீஸ் டப்பாவா?

நேற்று அவள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டாள் என்று, அவள் வேலை பார்க்கும் கட்டடத்துக்கே கொண்டு போனேன். லிஃப்ட் திறந்தது. உள்ளே என் மகள் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, லேசாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். கதவு மூடி, மேலே போய், திரும்பி வந்தது. அப்போதும் அதே கோலம். நான் படித்த கான்வென்ட்டில் வகுப்பில் கண்ணை மூடுகிறவளை வராந்தாவில் நிறுத்துவார்கள். விடுவேனா? ஏறிக்கொண்டேன்.

"எழுந்திரு! சம்பளம் குடுத்துத் தூங்க வைக்கிறாங்களா?"

"தூங்கலம்மா. சத்தத்தை வச்சே எந்த மாடின்னு சொல்லணும். அது வந்தாத்தான் ஸ்பானரைத் தொட விடுவாராம் மெக்கானிக் அண்ணா. ரெண்டு... மூணு..."

சரிபார்ப்பதற்காக மட்டும் நானும் கண்ணை மூடினேன். என்ன சொல்வேன் தம்பி! ஒவ்வொரு மாடியும் ஒரு பெருமூச்சு விட்டு விலகிப் போனது. மேலே கம்பிவடம் எனக்காகவே எதையோ முணுமுணுத்தது. என் முழங்கால்களுக்கு வலி மறந்துபோனது. யாரோ முதுகில் தட்டித் தூங்க வைப்பதுபோல... லிஃப்ட் அப்படியே நின்றுவிட்டது.

மகள் பதறவில்லை. போனில், "அண்ணா, நாலாம் மாடிக் கதவுப் பூட்டு சரியா விழல" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதெல்லாம் பழகி வருவதா? பிறக்கும்போதே வருவது.

"அஞ்சாம் மாடி, பொண்ணே!" என்றது போன். "பக்கத்துல யாரு, அம்மாவா? போன மாசம் இவ பேச்சைக் கேட்டு ஒன்பதாம் மாடிக்கு ஓடினேன் மேடம், பழுது இருந்தது ரெண்டாம் மாடில. இப்ப ஒரு மாடிதான் தப்பு. தேறிட்டா!"

யாரோ வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம். யாரென்று கண்ணைத் திறந்து பார்த்தேன். என் மகள்தான். இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினால் திரைக்குப் பின்னால் நின்று அழுதவள்!

தப்பு செய்துவிட்டுச் சிரிக்கப் பழக்கும் இடத்தில் அவள் ஒரு நாளும் இருக்கக் கூடாது. உடனே மாற்று.

உன் வீட்டில் எல்லா நலமும் பெருகட்டும். பிள்ளைகள் முதுகு நிமிர்ந்து உட்காரட்டும்.

அன்பும் கண்டிப்பும் குறையாத,
அக்கா

பின்குறிப்பு: அவளை மாற்றாதே. உறையை ஒட்டப் போன நேரம் வாஷிங் மெஷின் சுற்றாமல் உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. கண்ணை மூடிக் கேட்டேன். மோட்டார்தான் என்று தீர்மானித்து, பின்பக்கம் கையில் அகப்பட்ட குழாயை உருவினேன். சமையலறை குளமாகிவிட்டது. தண்ணீர் வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது ஒரு சட்டைப் பொத்தான். மகள் துடைப்பத்தோடு வந்து, "பரவாயில்லம்மா, முதல் தடவைதானே. பழகினா வந்துடும்" என்றாள். இந்த வயதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இப்போது மெஷின் ஓடுகிறது. ஈரத்தரையில் நாற்காலி போட்டு, இருவரும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.