பதினொரு மணி டீ

பதினொரு மணி ஆனதும் நாற்காலிகள் கிறீச்சிட்டன. எட்டுப் பேரும் எழுந்து எதிர்த்த டீக்கடைக்குப் போனார்கள். வழக்கம்போல வெள்ளத்துரையை யாரும் கூப்பிடவில்லை.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இருக்கும் அந்தத் தனியார் கண்டெய்னர் யார்டில் அவனுக்கு மூன்று வருட வேலை. பெட்டியில் அடித்த சீல் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பேச்சு தேவையில்லை. அவனுக்குப் பேச வரவும் வராது. அப்பா கப்பலுக்கு உப்பு மூட்டை ஏற்றியவர். தலையில் மூட்டை இருக்கும்போது வாயைத் திறந்தால் மூச்சு வாங்கும். வீட்டுக்கு வந்த பிறகு திறக்கத் தெம்பு இருக்காது. அந்த வீட்டில் வளர்ந்தவன் "ம்" என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்திருந்தான்.

"வாயத் தொறக்காம ஒருத்தன் மூணு வருசம் இருக்கான்னா, அவன் நம்மள வேவு பாக்க ஹெட் ஆபீஸ் வச்ச ஆளுதாம்" என்று கூட வேலை பார்க்கும் டிக்சன் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான். அதனால் சம பதவியில் இருந்தும் எல்லாருக்கும் அவன் 'சார்'.

அவன் பதவிக்கு ஏங்கவில்லை. "ஏலே வெள்ளத்துரை, டீ குடிக்க வாரியா?" என்று யாராவது ஒருத்தர் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

எல்லாரும் போன பிறகு ஹாலில் அவன் மட்டும். கண்ணாடி அறைக்குள் மேனேஜர் சிவப்பிரகாஷ். அவர் இவனைவிடப் பெரிய ஊமை. மேசையில் ஒரு பிளாஸ்க், இரண்டு எவர்சில்வர் தம்ளர். இரண்டாவது, சென்னை ஹெட் ஆபீசிலிருந்து வரும் பெரிய ஆட்களுக்காக இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். சில நாள் கதவைப் பாதி திறந்து, "டீ குடிக்கலையா?" என்பார்.

வேலையை விட்டு எழுகிறானா என்று சோதிக்கிறார் என நினைத்து வெள்ளத்துரை காகிதத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொள்வான்.

"வேலை இருக்கு சார்."

கதவு மூடிக்கொள்ளும்.

ஒரு திங்கட்கிழமை துணிந்துவிட்டான். கூப்பிடாமலே கடைக்குப் போய் நின்றான். பேச்சு சட்டென்று நின்றது. பக்கத்து மேசை ஜெமிமா பாதி டீயைக் கீழே ஊற்றினாள். டிக்சன் வானத்தைப் பார்த்து, "காத்து பலமா அடிக்கி" என்றான். மறுநாள் எட்டுப் பேரும் அரைக் கிலோமீட்டர் நடந்து வேறு கடைக்குப் போனார்கள்.

வெறும் கையோடு போனதுதான் தப்பு என்று வெள்ளத்துரைக்குப் பட்டது. புதன்கிழமை முந்திரி இனிப்பான மக்ரூன் ஒரு டப்பாவோடு வந்தான். அந்த ஆபீசில் யாருக்காவது மாற்றல் வந்தால்தான் மக்ரூன் டப்பா பிரியும். அவனும் வாங்கித் தின்றிருக்கிறான், எதற்கென்று கேட்டதில்லை.

"யாருக்கு சார்?" என்றாள் ஜெமிமா.

"எல்லாருக்கும்."

"எல்லாருக்குமா!" ஜெமிமா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எதுவோ கெட்டுவிட்டது என்று மட்டும் புரிந்தது. நாலு வார்த்தை பேசினால் சரியாகிவிடும் என்று டிக்சனிடம் போனான்.

"வீட்ல எல்லாரும் சுகமா?"

டிக்சன் எழுந்து நின்றான். "சொல்லிருதேன் சார். போன மாசம் அம்மைக்குச் சீக்குன்னு லீவு போட்டது பொய்யி. நாசரேத்துல மச்சினன் கல்யாணம்."

"ம்."

"ரெண்டு நாளுதாம் சார்."

வெள்ளத்துரைக்கு அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான்.

"சரி, மூணு நாளு! வேற ஒண்ணும் இல்ல, பைபிள் மேல சத்தியமா!"

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஆபீஸ் பிரிண்டரில் பிள்ளையின் பள்ளிக்கூடப் பாடத்தை அச்செடுத்ததை ஜெமிமா சொல்லி அழுதாள். கேட் காவலாளி தன் மத்தியானத் தூக்கத்தை ஒப்புக்கொண்டார். எல்லாருக்கும் ஒரே "ம்"தான்.

கடைசியில் டீக்குப் போவதையே நிறுத்திவிட்டார்கள். பதினொரு மணிக்கும் எட்டுத் தலைகள் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. மேனேஜர் கதவைப் பாதி திறந்தார், நிறைந்திருந்த ஹாலைப் பார்த்தார், மூடிக்கொண்டார். யார்டில் மாதக்கணக்கில் தேங்கிய பெட்டிகள் நேரத்துக்கு வெளியேறின.

இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து மெயில் வந்தது. சிவப்பிரகாஷுக்குக் குஜராத்துக்கு மாற்றல். அந்த இடத்துக்கு, அவருடைய பரிந்துரையின் பேரில், 'பேசாமலே வேலை வாங்கத் தெரிந்த' வெள்ளத்துரை.

வழியனுப்பும் நாளில் மக்ரூன் டப்பா பிரிந்தது.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே மக்ரூன் கொடுத்தாரு பாத்தியா? அப்பமே அவருக்குத் தெரிஞ்சிருக்கு!" என்று ஜெமிமா டிக்சனின் காதைக் கடித்தாள்.

சிவப்பிரகாஷ் வெள்ளத்துரையின் எதிரில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "வாரேன்" என்றார்.

"ம்" என்றான் வெள்ளத்துரை.

மறுநாள் பதினொரு மணி. கண்ணாடி அறையில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைப் பாதி திறந்தான்.

"டீ குடிக்கலையா?"

"வேலை இருக்கு சார்!" என்றன எட்டுக் குரல்கள்.

கதவை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். துப்புரவு வேலை பார்க்கும் முப்பிடாதி பிளாஸ்க்கையும் இரண்டு தம்ளரையும் மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

"ரெண்டு எதுக்கு? சென்னையிலேருந்து யாரும் வாராங்களா?"

"அங்கனருந்து எவரு வந்தா? இது பழைய சாரு பழக்கிவிட்டது. 'வெள்ளத்துரைக்கும் சேத்து ஒண்ணு வையி, இன்னைக்காவது உள்ள வருவான்'னு தெனமும் சொல்லுவாரு. மூணு வருசமா நான் சாயங்காலம் எச்சித் தம்ளர் ஒண்ணுதாம் சார் கழுவுதேன்."