முதலில் கூப்பிடுவது யார்

செம்பூரில், சரிபார்த்த சான்றிதழ்களை மறுபடியும் சரிபார்க்கும் மாண்புமிக்க அலுவலகம் ஒன்று உண்டு. கீழ்த்தளத்துக்குப் பிரம்மநாயகம் அதிகாரி, மேல்தளத்துக்கு வேங்கடசுப்ரமணியன். இருவருக்கும் ஒரே பதவி. அதனால் பதினோரு வருடமாக யாரும் யாருக்கும் முதலில் வணக்கம் சொன்னதில்லை.

அங்கே நெட்வொர்க் மாட்ட வந்து மாட்டிக்கொண்டவன் தாராவி சுடலைக்கண்ணன். தளத்துக்கு இரண்டு சுவிட்ச் பெட்டிகளை அடுக்கி, ஒரே பெட்டியாக நடக்கும்படி செய்தான். பெட்டிக்கு ஒரு கேபிளாக மேலே இழுத்தான். இரண்டு கேபிளையும் ஒரே பாதையாக இணைத்துவிட்டால், ஒரு பெட்டி செத்தாலும் இன்னொன்று தாங்கும். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு அதிகாரிகளும் கையெழுத்துப் போடாவிட்டால் அவன் வேலை காலி. இந்த அலைச்சலில் சீத்தா கேம்பில் மச்சினனின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குக்கூடப் போகவில்லை. அன்றிலிருந்து மனைவி மாரீஸ்வரி அவனோடு பேசுவதில்லை.

"சேந்துக்கிடலாமான்னு மேலயோ கீழயோ ஒரு தளத்துப் பொட்டி கூப்பிடணும் சார்," என்று பிரம்மநாயகத்துக்கு விளக்கினான். "அது ஆக்டிவ். கூப்பிட்டா மட்டும் பதில் சொன்னா பாசிவ்."

பிரம்மநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம பொட்டி போயி அவரு பொட்டியக் கூப்பிடணுமாக்கும்? நடக்காதுடே. நம்மளத பாசிவ்ல வையி."

மேலே வேங்கடசுப்ரமணியன் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"அவர் எனக்கப்புறம் மூணு மாசம் கழிச்சு சர்வீஸ்ல சேர்ந்தவர். ஜூனியர்தான் முதல்ல கூப்பிடணும். நம்மளோடதும் பாசிவ்."

அப்படியே வைத்தான். நான்கு பெட்டிகளும் பரம மரியாதையுடன் காத்திருந்தன. பாதை கூடவில்லை. 'மேற்படி பெட்டிகளுள் முதலில் விளிக்கவேண்டியது எது என்னும் பொருள் பரிசீலனையில் உள்ளது' என்று தளத்துக்கொரு சுற்றறிக்கை வந்தது. வரிசையில் நின்ற ஜனங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. போன மாதமும் அவர்கள் இப்படித்தான் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், யாரிடமும் கேட்காமல் இரண்டு பக்கத்தையும் ஆக்டிவில் போட்டான். சில நொடிகளில் பச்சை விளக்கு எரிந்தது.

"சார், லைன் சாலு ஆயி ஓடுது. மேல உள்ள பொட்டி கூப்பிட்டுட்டு."

"நெசமாவாடே?" பிரம்மநாயகம் கையெழுத்தோடு முத்திரையும் குத்தினார்.

மேலே போய், "கீழ உள்ள பொட்டி கூப்பிட்டுட்டு சார்," என்றான்.

"வழிக்கு வந்தாரா?" வேங்கடசுப்ரமணியன் பச்சை மையில் கையெழுத்திட்டு, அவனுக்கு டீயும் வரவழைத்தார். இரண்டு இடத்திலும் அவன் பொய் சொல்லவில்லை. பெரிய மனிதர்களின் சிறுபிள்ளைத்தனத்தை நினைத்து ரயிலில் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தான்.

வீட்டில் மாரீஸ்வரி சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். வேலை பிழைத்ததைச் சொல்ல அவனுக்கு நாக்கு துடித்தது. ஆனால் அவள் அவனைவிட மூன்று வயது இளையவள். இளையவள்தானே முதலில் கூப்பிடவேண்டும்? கையெழுத்தான காகிதத்தை அவள் கண்ணில் படும்படி டிவி மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

அவளும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவளும் காத்திருந்தாள்.