டிட்டா டிரஸரின் பெரிய லைசென்ஸ்

மலாக்கா மாநிலத்தில் அந்த நாளில் நடமாடிய அத்தனை பேரிலும் மகா மரியாதைக்காரர் யார் என்று கேட்டால், தயங்காமல் டிட்டா டிரஸர் என்பேன். அக்கம்பக்கத்தாருக்கு அதிகத் தொல்லை கொடுத்தவர் யார் என்று கேட்டாலும் அதே பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

முப்பதுகளின் தொடக்கம் அது. ரெம்பியாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது பெரிய கிராணியிடம் திட்டு வாங்கிக்கொண்டே கணக்கு எழுதும் குமாஸ்தா. டிட்டா டிரஸர் அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். அப்படிப்பட்டவரை எங்கள் பக்கத்தில் டிரஸர் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்தவர், கல்யாணம் ஆகாதவர். என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

அவரிடம் சொந்தமாகச் செய்த வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்காகக் கூரையிலிருந்து எதிர்த் தென்னைமரம் வரை ஒரு செம்புக் கம்பி கட்டியிருந்தார். லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த பெண்களுக்கு அது ஆண்டவன் அனுப்பிய துணிக்கொடி.

“என்ன காணும், இண்டைக்கு ஆஸ்திரேலியா கேக்குதில்லை?” என்று திடீரென்று வெளியே ஓடுவார். பார்த்தால் கம்பியில் ஓர் ஈரச் சேலை தொங்கும். அவருக்குப் பெண்களோடு சண்டை போடத் தெரியாது. பக்கத்தில் நின்று, சேலை காயும்வரை பனையோலை விசிறியால் விசிறுவார்.

பெட்டியில் பாட்டு வராது, பேச்சு வராது. கீச்சுக் கீச்சென்று தந்திச் சத்தம்தான் வரும். ஆஸ்திரேலியாவிலோ வேறெங்கோ தம்மைப் போலப் பெட்டி வைத்திருக்கும் யாரோ ஒருவர், ‘கேட்பவர் எவராவது உண்டா, பதில் சொல்லுங்கள்’ என்று கூப்பிடுகிறார் என்பார் டிரஸர். ஆனால் அவரிடம் இருந்தது கேட்க மட்டும் அனுமதிக்கும் சின்ன லைசென்ஸ். திரும்பிப் பதில் அனுப்பப் பெரிய லைசென்ஸ் வேண்டும். அதற்கு மலாக்காவில் ஒரு துரை முன்னால் பரீட்சை எழுத வேண்டும்.

“எதுக்குங்கய்யா இந்த வம்பு? பேசாம கேட்டுக்கிட்டு இருந்தா போதாதா?” என்றேன்.

டிரஸருக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஒருத்தன் மணிக்கணக்கா நிண்டு கூப்பிடுறான் காணும். காதிலை விழுந்தும் விழாதவன் மாதிரி இருக்கிறது மரியாதையே?”

படிப்பு தொடங்கியது. எங்கள் நிம்மதி முடிந்தது.

தந்தி மொழியில் இருப்பது இரண்டே சத்தங்கள். குட்டைச் சத்தம் ‘டி’, நீளச் சத்தம் ‘டா’. இவற்றை மாற்றி மாற்றி அடுக்கினால் ஆங்கில எழுத்துகள் வரும். குளிக்கும்போது டிடா, சாப்பிடும்போது டாடி, நோயாளியின் முதுகைத் தட்டிப் பார்க்கும்போது டிடிடா. இப்படித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது.

எவ்வளவு தட்டியும் எழுத்துகள் மண்டையில் நிற்கவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, அவருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை பிறந்தது. குட்டை என்றால் குறில், நீளம் என்றால் நெடில்! ‘கமலா’ என்றால் குறில், குறில், நெடில். டிடிடா. அது ‘யு’. ‘குப்பாயி’ என்றால் டிடாடி. அது ‘ஆர்’.

அன்றிலிருந்து தோட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் இல்லாமல் போயிற்று. குப்புசாமியாகிய நான் ‘எஃப்’ ஆனேன். “எஃப், தேத்தண்ணி குடிக்கிறீரோ?” என்று பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

பிரச்சினை கங்காணி வீராசாமியிடம் வந்தது. டாடாடாடி. அப்படி ஓர் எழுத்து ஆங்கிலத்தில் இல்லை.

“என்னா டிரஸரய்யா, பால் வெட்டுற குப்பாயிக்கு எழுத்து இருக்கு. நான் கங்காணி, எனக்கு இல்லியா?”

டிரஸர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினார். “கோவிக்க வேண்டாம். ஜெர்மன்காரனிட்டை உம்மடை எழுத்து ஒண்டு இருக்கு.”

கங்காணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். சிம்பாங் அம்பாட் வரைக்கும் போய், தன் பெயர் ஜெர்மனியில் வழங்குகிறது என்று சொல்லிவிட்டு வந்தார்.

மின்சாரப் பாடமும் பரீட்சையில் உண்டு. அதை அவர் ஆஸ்பத்திரியில் வைத்தே படித்தார். ஒருமுறை காய்ச்சல்காரர் ஒருவரின் நெஞ்சில் குழாயை வைத்தபடி, தம் பெட்டியை நினைத்துக்கொண்டு, “வால்வு பழுதாப் போச்சுது. சிங்கப்பூரிலை இருந்து புதுசு எடுத்துப் போட வேணும்” என்று முணுமுணுத்துவிட்டார். காய்ச்சல்காரர் எழுந்து ஓடிய ஓட்டத்தில் வேர்த்துக் காய்ச்சல் விட்டுப்போயிற்று என்பது வேறு விஷயம்.

பெரிய கூத்து இனிமேல்தான். ‘கேட்பவர் எவராவது உண்டா’ என்று கூப்பிடத் தந்தியில் இரண்டே எழுத்துகள் போதும்: ‘சி’, ‘கியூ’. ‘சி’ என்றால் டாடிடாடி. அதற்கு அவர் கண்டுபிடித்த பெயர் மாரியாயி. ‘கியூ’ என்றால் டாடாடிடா. அதற்கு காமாட்சியே. பொழுது சாய்ந்தால் போதும், விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே உரக்க ஆரம்பிப்பார்:

“மாரியாயி! காமாட்சியே! மாரியாயி! காமாட்சியே!”

ஒரு வாரத்தில் லயத்தார் தேங்காய், பழம், கற்பூரத்தோடு வாசலில் கூடிவிட்டார்கள். தலைமையில் கங்காணி.

“வேதக்காரரு மேல ஆத்தா எறங்கியிருக்கான்னா சும்மாவா? கன்னத்துல போட்டுக்கங்கடா!”

சேதி அலோர் காஜா வழியாக டிரஸரின் தேவாலயத்துப் போதகர் காதுக்கும் எட்டியது. அவர் சைக்கிளில் வந்து இறங்கிய நேரம், வாசலில் கற்பூரம் எரிகிறது, உள்ளே காமாட்சியை அழைக்கும் குரல் கேட்கிறது. போதகருக்கு வியர்த்துவிட்டது.

“மகனே, உமக்கு என்ன குறை?”

“குறை ஒண்டுமில்லை ஐயா. ‘கியூ’தான் கையிலை சரியா வருகுதில்லை.”

எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. போதகர் கடைசியில் குரலைத் தாழ்த்தி, “என் பேரில் ஏதும் உண்டோ?” என்று கேட்டார். அவர் பெயர் ஆபிரகாம்.

“இருக்கு ஐயா. டாடிடிடா. எக்ஸ்.”

“அடிக்கடி தேவைப்படுமோ?”

“எப்பவாவதுதான் ஐயா.”

போதகர் சைக்கிளை மிதித்த வேகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது.

முதல் பரீட்சையில் டிரஸர் தோற்றார். துரை அனுப்பிய தந்தியை ஒன்றுவிடாமல் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் பரபரப்பில் தாளில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதில் குப்பாயி, கமலா, மாரியாயி என்று தமிழில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டார். துரை தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாராம்.

மறுவருடம் துரை மலாக்காவுக்குத் திரும்பவும் வந்தபோது, துணைக்கு நானும் கங்காணியும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் டிரஸரின் விரல் முன் ஸீட்டைத் தட்டிக்கொண்டே வந்தது. “இந்த முறையும் விட்டால், நான் பெட்டியைப் பிரிச்சுப் போடுவன், எஃப். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க இனி ஏலாது” என்று மட்டும் இறங்கும்போது சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

புழுக்கத்துக்காகப் பரீட்சை அறையின் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தோம். மின்சாரக் கேள்விகள் முடிந்தன. தந்தியைக் கேட்டு எழுதுவது முடிந்தது. இந்த முறை ஆங்கிலத்தில்தான் எழுதினார். இனி அவர் அனுப்பிக் காட்ட வேண்டும். தந்தி தட்டும் சாவியில் கை வைத்தார்.

விக்கல் வந்தது.

சாதாரண விக்கல் இல்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் கை துள்ளி, சாவியில் ஒரு ‘டி’ அதிகமாக விழுந்தது. அனுப்பிய எழுத்து ஒன்று, போய்ச் சேர்ந்த எழுத்து வேறொன்று. தண்ணீர் குடித்தார். மூச்சை அடக்கினார். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்த மனிதர், தமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் துரை முன்னாலேயே செய்து பார்த்தார். கங்காணி வாசலில் நின்று, “ஆத்தா, உன்னையத்தானே இத்தன நாளா கூப்பிட்டாரு, கொஞ்சம் கண்ணத் தொற!” என்று கும்பிட்டார்.

துரை பேனாவைக் கீழே வைத்தார். “மிஸ்டர், யூ ஹேவ் ஃபெயில்ட்” என்றார்.

டிரஸர் அப்படியே சிலையாகிவிட்டார். கங்காணிக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். துரையோ தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

“விக்கல் நின்றுவிட்டது. என் மனைவிக்கும் இதே வைத்தியம்தான். சரி, முதலிலிருந்து தொடங்குங்கள்.”

டிரஸர் தேறினார். அன்று பஸ்ஸில் அவர் பேசிய பேச்சுக்கு, கண்டக்டர் எங்கள் ஊர் வருமுன்னே இறக்கிவிடப் பார்த்தார்.

லைசென்ஸ் கையில் வந்த மாலை, தோட்டமே அவர் வாசலில் நின்றது. கம்பியில் ஒரு சேலை இல்லை. பெண்களே காவல் இருந்தார்கள். டிரஸர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சாவியில் மாரியாயியையும் காமாட்சியையும் திரும்பத் திரும்ப அழைத்தார். ஆஸ்திரேலியா பேசவில்லை. ஒருவரும் பேசவில்லை. கூட்டம் கலையத் தொடங்கிய நேரத்தில் பெட்டி கீச்சிட்டது.

“பதில்! பதில் வருகுது!” டிரஸர் பென்சிலைத் தேடி எடுத்தார்.

“எந்த ஊருங்கய்யா? சீமையா?” என்று கங்காணி முட்டிக்கொண்டு நின்றார்.

டிரஸர் எழுத்து எழுத்தாக எழுதிப் பார்த்தார். “தம்பின்.”

“தம்பினா? நம்ம தம்பினா? அடப் போங்கய்யா! பஸ்ஸுல போயி பேசிட்டு வந்துருக்கலாமே!”

பதில் அனுப்பியவர், பக்கத்து ஊரான தம்பினில் ஒரு தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர். டிரஸர் எங்கள் சிரிப்பைக் கவனிக்கவே இல்லை. சீமை ராஜாவே பதில் போட்ட மாதிரி முகம் விரிந்திருந்தது. எதைச் சொல்வது என்று சற்று யோசித்துவிட்டு மெதுவாகத் தட்டினார். என்ன அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

“சூடா மக்கான்? எண்டு கேட்டனான்.”

சாப்பிட்டாச்சா! மலாயாவில் வழியில் பார்க்கிறவரெல்லாம் மலாயில் கேட்டுக்கொள்வதுதான். பதில் வந்தது: ‘பெலும்’. இன்னும் இல்லை.

டிரஸர் ஏதோ அவசரமாகத் தட்டிவிட்டுப் பெட்டியை அணைத்துவிட்டார்.

“அவ்ளோதானா? இதுக்குத்தான் இவ்ளோ பாடா?” என்று கங்காணி தலையில் கை வைத்தார்.

“போய்ச் சாப்பிடுங்கோ எண்டு சொல்லிப்போட்டன். பசியோட இருக்கிற மனிசனைப் பிடிச்சு வைச்சுக் கதைக்கிறதே?”

பிறகு வெகு தூரத்து ஊர்களோடும் பேசினார். சில வருடங்களில் அவருக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு வந்த புது டிரஸர் நல்ல மனிதர். சத்தமே போடமாட்டார், யார் பெயரையும் மாற்றமாட்டார், மேசையைத் தட்டமாட்டார். மாலையானால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவ்வளவு அமைதியாக இருக்கும். அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனாலும் கடைசிவரை எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை.