மாரமங்கலத்தில் விட்ட சொட்டு மருந்து

குழந்தைகளுக்குக் கண் வைத்தியம் பார்ப்பதில் கண் பெரிய விஷயமே இல்லை. அதைத் திறக்க வைப்பதுதான் விஷயம். திறப்பதில்லை என்று ஒரு குழந்தை தீர்மானித்துவிட்டால், உங்கள் எம்.பி.பி.எஸ். பட்டமும் அதற்கு மேல் படித்த படிப்பும் சேர்ந்து தள்ளினாலும் இமை அசையாது.

கண் மருத்துவ மேற்படிப்பில் குழந்தைகள் பிரிவுப் பயிற்சியில் இருந்தபோது, ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்துப் பள்ளி ஒன்றில் நடந்த முகாமுக்கு என்னை அனுப்பினார்கள். எங்கள் பேராசிரியை மஞ்சக்குட்டையில் இன்னொரு முகாமை முடித்துவிட்டு மதியம் ஜீப்பில் வந்துவிடுவார். அதற்குள் பார்வைக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, கண்ணாடிப் பவரைக் கணக்கிட்டு வைக்க வேண்டும். மேடம் யாரையும் திட்ட மாட்டார். "அப்படியா?" என்று மட்டும் கேட்பார். (அதைக் கேட்டவர்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.)

ஷைனி வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை. இடது கண் மூக்கைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் அம்மா ஸ்டெல்லா வாழவந்திப் பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர். மகளுக்காக வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு பஸ்ஸில் வந்திருந்தார். மாறுகண் அதிர்ஷ்டம், அதில் கை வைக்காதே என்று உறவுக்காரர்கள் சொல்லியிருந்தார்களாம். அந்தக் கண்ணில் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, இப்போது விட்டால் பிறகு மீட்பது கஷ்டம் என்று நான் விளக்கியதும் அரை மனதாகச் சம்மதித்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, மருந்து ஊத்துனா கண்ணு அவிஞ்சு போயிராதுங்களே?"

நான் சிரித்தேன். (சிரித்திருக்கக் கூடாது.)

அம்மா சம்மதித்தார், மகள் சம்மதிக்கவில்லை. சாக்லேட் காட்டினேன். மருந்து பாட்டிலைக் கோட்டுப் பையில் போட்டுவிட்டு பலூன் ஊதினேன். பாட்டுக்கூடப் பாடினேன், அதைக் கேட்டு வரிசையில் சும்மா நின்ற குழந்தைகளும் அழ ஆரம்பித்தன. கடைசியில் ஷைனி ஒற்றைக் கண்ணை லேசாகத் திறந்து, முதலில் என் கண்ணில் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

அப்போது எனக்கு மூளை வேலை செய்தது. அதுதான் வினை. கண் உலர்ந்து போனால் விட்டுக்கொள்ளும் சாதாரணச் சொட்டு ஒன்றும் அதே பையில் இருந்தது. அதே அளவு, அதே வெள்ளை பாட்டில். அதை எடுத்து, கூட்டம் பார்க்கட்டும் என்று இரண்டு கண்ணிலும் தாராளமாக விட்டுக்கொண்டேன். சுரீரென்று எரிந்தது. மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன். அடுத்த பாட்டிலை எடுத்து ஷைனிக்கு விட்டேன். எரியவே இல்லை என்றாள். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

கொஞ்ச நேரத்தில் குழந்தைகளின் பெயர் எழுதிய தாளில் எழுத்துகள் ஊறிப்போய்த் தெரிந்தன. பனி வகுப்புக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். சாத்தியும் பனி விலகவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஷைனியிடம் போனேன். ஸ்டெல்லா என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"எம் புள்ள கண்ணு அப்படியேதான் இருக்குதுங்க. உங்க கண்ணுதான் நொம்பக் கறுத்துக் கெடக்குது."

பையிலிருந்த இரண்டு பாட்டிலையும் எடுத்தேன். எது எது என்று படிக்க மூக்கருகே கொண்டுவந்தேன், கையை நீட்டிப் பார்த்தேன். இரண்டுமே படிக்க முடியவில்லை. அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

டாக்டரம்மாவுக்கே கண் போய்விட்டது என்ற செய்தி நொடியில் வராந்தாவைச் சுற்றி வந்தது. தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஸ்டெல்லாவும் ஷைனியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் இறங்கினார். இன்று போனால் இவர் திரும்ப வர மாட்டார். மருந்து ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வாழ்நாள் முழுக்க என்னையே உதாரணமாகச் சொல்வார். அந்தக் குழந்தையின் கண் அப்படியே போய்விடும். பின்னாலேயே ஓடினேன். வெயில் ஊசியாக இறங்கியது. கண்ணைத் திறக்க முடியாமல் கொடிக்கம்பத்தில் போய் மோதி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணீர் தாரையாகக் கொட்டியது.

வெயிலால் வந்த கண்ணீர்தான். (பாதி.) ஸ்டெல்லா திரும்பி வந்து என் கையைப் பிடித்தார்.

"அழுவாதீங்க கண்ணு," என்றார்.

பாட்டில் மாறிவிட்டது, இந்த மருந்தால் பார்வை போகாது, நாளைக்குச் சரியாகிவிடும், மேடம் வரும்வரை மட்டும் இருங்கள் என்று கம்பத்தைக் கட்டிக்கொண்டே கெஞ்சினேன். என் கண் என்ன ஆகிறது என்று பார்க்காமல் தான் ஊட்டுக்குப் போகப் போவதில்லை என்று சொல்லி, ஒரு பக்கம் மகளையும் மறுபக்கம் என்னையும் பிடித்து உள்ளே கூட்டி வந்தார்.

மேடம் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "அப்படியா?" என்றார். ஷைனிக்குச் சரியான மருந்தை அவரே விட்டார். (அந்த அலறல் மஞ்சக்குட்டை வரை கேட்டிருக்கும்.) அது வேலை செய்யும்வரை சும்மா இருப்பானேன் என்று நினைத்தாரோ என்னவோ, குழந்தைகள் உட்காரும் ஸ்டூலைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். மிச்சமிருந்த பெற்றோர் அத்தனை பேர் முன்னிலையிலும் என் கண்ணில் ஒளியை ஆட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"உனக்குத் தலைவலி வருமா?"

"வரும் மேடம்." (அதற்குக் காரணம் மேடம்தான் என்று அதுவரை நம்பியிருந்தேன்.)

"ரெண்டு கண்ணுலயும் பிளஸ் பவர் இருக்கு. சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கும்."

இளம் கண் கஷ்டப்பட்டு முயன்று தன் குறையை மறைத்துவிடும், மருந்து விட்டு அந்த முயற்சியை நிறுத்தினால்தான் உண்மைப் பவர் தெரியும் என்று காலை முழுக்கத் தாய்மார்களுக்கு வகுப்பெடுத்தவள் நான். அப்போது அந்தத் தரையில் ஒரு பொந்து இருந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். ஆனால் பொந்து இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

ஷைனியின் கண்ணிலும் பிளஸ் பவர்தான். கண்ணாடி போட்டாள், கண் நேராகிப் பார்வையும் தேறிவிட்டது. இன்றும் வருடா வருடம் பரிசோதனைக்கு வருகிறாள். நானும் கண்ணாடியோடுதான் அவளைப் பார்க்கிறேன். ஆனால் சேலத்தில் எங்கள் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அப்பா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்:

"எம் பொண்ணு பெரிய கண் டாக்டருங்க. அவளுக்கே கண்ணு கோளாறுன்னு கண்டுபிடிச்சது மட்டும் வாழவந்தியில ஒண்ணாவது படிச்ச ஒரு புள்ளைங்க."