மேலே போன சருகு

சருகைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. வாழை இலை வியாபாரம். கட்டைப் பிரித்ததும் காய்ந்ததைக் கிள்ளி எறிந்தால்தான் எனக்கு மறுவேலை ஓடும். பிள்ளைகளே, அந்தக் கைதான் என் மானத்தை வாங்கியது.

என் மகள் நஸ்ரின் ஏழாம் வகுப்பில் ஒரு புழுவை வளர்த்தாள். அது கூடு கட்டி, அறிவியல் கண்காட்சியன்று விடியற்காலையில் அந்துப்பூச்சியாக வெளியே வந்தது. இறக்கை நுனி கொக்கி போல வளைந்திருக்கும் இனமாம். முதல் பரிசு வாங்கினால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். "வந்து பாருங்க அத்தா!" என்று கூப்பிட்டாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். (பல் எங்கேயும் ஓடிப்போகாது. அன்று தோன்றவில்லை.)

மேசையை அடுக்க அவள் முன்னாலேயே ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்குக் கிளம்பினாள்.

"டப்பாவப் பத்திரமா கொண்டாங்க அத்தா. மூடிய மட்டும் தொறக்காதீங்க."

"எனக்குத் தெரியாதாம்மா?"

பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது டப்பாவுக்குள் பார்த்தேன். பூச்சி உள்ளே கிடந்த இலைக்கடியில் இருக்கும் என்று நினைத்தேன். ஓரத்தில் ஒரு சருகு ஒட்டியிருந்தது. நடுவர் பார்த்தால் என்ன நினைப்பார்? திறந்தேன், இரண்டு விரலால் எடுத்தேன், ஜன்னல் வழியே எறிந்தேன். அது ஆற்றில் விழாமல் மேலே மேலே போனது. நல்ல காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியில் டப்பாவைப் பார்த்ததும் நஸ்ரின் முகம் மாறியது.

"அத்தா, பூச்சி எங்க? சருகு மாதிரி உக்காந்திருந்துச்சே?"

சொன்னேன். அத்தோடு நின்றிருந்தால் முட்டாள் என்ற பெயரோடு போயிருக்கும். நடுவர் அம்மா அடுத்த மேசைக்கு வந்துவிட்டார். நான் முற்றத்துக்கு ஓடி, புங்க மரத்தடியில் ஒரு சருகைப் பொறுக்கி உள்ளே போட்டேன். (என் தொழிலில் அவ்வளவு கவனமாக ஓர் இலையை நான் தேர்ந்தெடுத்ததே இல்லை.)

நடுவர் குனிந்து பார்த்தார். "அடடா! அச்சு அசல் சருகுதான்!"

"பகல்ல அசையாதுங்க மேடம்," என்றேன்.

"முதல் பரிசு உனக்குத்தாம்மா."

நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "அது சருகுதான் மேடம். பூச்சிய அத்தா தூக்கிப் போட்டுட்டாங்க."

நடுவர் எழுதிய மதிப்பெண்ணை அடித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பும் பஸ்ஸில் நஸ்ரின் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். மடியில் காலி டப்பா.

இன்றும் வாசலில் சருகு விழுந்தால் என் மனைவி, "தொடாதீங்க, முதல் பரிசு வாங்குனது!" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

போன மாதம் நஸ்ரின் கல்லூரி விடுதிக்குக் கிளம்பினாள். பையைத் தூக்கக் கை நீட்டினேன்.

"வேணாம் அத்தா," என்றாள், சிரித்துக்கொண்டேதான். "நானே கொண்டுபோயிக்கிறேன்."